அக்காவின் டப்பாவில் விழுந்த நாற்பத்தைந்து ரூபாய்

ஒன்பது வயதில் எனக்கு என் அக்காவைக் கண்டாலே ஆகாது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நல்லவளாக இருந்தாள், அவ்வளவுதான். கூடப் பிறந்தவள் நல்லவளாக இருப்பது எத்தனை பெரிய கொடுமை என்று இளையவளாகப் பிறந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பதிமூன்று வயதில் அவளுக்குப் பின்னல் கலையாது, நோட்டின் ஓரம் மடங்காது. பத்து ரூபாய் கையில் கிடைத்தால் ஒரு ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

அந்த ஒரு ரூபாயால் வந்த வினைதான் இது. அப்பா திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகளுக்கு வெல்டிங் வைக்கிறவர். கல்யாணமான புதிதில் பெங்களூரில் வேலை பார்த்தபோது, வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு இளைஞர்கள் சாலையில் நிறுத்திப் பேசி, பேசி, கடைசியில் அவரும் பின்னாலேயே அம்மாவும் மார்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆள் கிடையாது. ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போவோம். அங்கே ஒரு கட்டடத்தின் மாடியில் வாடகைக் கூடம்தான் எங்கள் சபை. வீட்டில் காபி, டீ கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கமாட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, வருகிற காசில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம்.

காணிக்கைப் பை, தட்டு என்று எதுவும் எங்கள் சபையில் சுற்றி வராது. ஒரு சின்னச் சீட்டில் தொகையை எழுதி, காசோடு உறையில் போட்டு ஒட்டி, சபைத் தலைவர் கையில் கொடுக்க வேண்டும். தலைவருக்குச் சம்பளம் கிடையாது. வார நாட்களில் அவர் ஒரு போர்வைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். எங்கள் காசு கடல் தாண்டித் தலைமையிடத்துக்குப் போய், அங்கிருந்து கூடத்து வாடகையாகவும் மின்விசிறியாகவும் பாட்டுப் புத்தகமாகவும் திரும்பி வருகிறது, எங்கெங்கோ ஆலயங்களாகவும் எழும்புகிறது என்று அப்பா சொல்வார். சித்தப்பாவுக்கு இது பொறுக்காது. “ஏனுங்ணா, உங்க ஊட்டுக் கூரை ஒழுகுது. நீங்க அமெரிக்காக்காரனுக்குக் கப்பங் கட்டறீங்களே!” என்பார். அப்பா சிரித்துக்கொண்டே, “நான் எங்கடா கட்டறேன்? அவருது அவருகிட்டப் போகுது” என்று முடித்துவிடுவார்.

வருடக் கடைசியில் ஒவ்வொரு குடும்பமாகத் தலைவரின் அறைக்குள் போய் உட்கார வேண்டும். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வருடம் கொடுத்தது முழுத் தசமபாகமா, பகுதியா? அவரவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார், குடைந்து கேட்கமாட்டார். முழு என்கிற பெரியவர்களுக்குத்தான் ஆலயத்துக்குள் போகிற அனுமதிச் சீட்டு கிடைக்கும். சீட்டுக்கு வயதாகாத பிள்ளைகளிடமும் அதே கேள்வியைக் கேட்பார்.

எனக்கு எட்டு வயதானபோது முதல் தடவையாக அந்த அறையில் உட்கார்ந்தேன். அக்கா, “முழுசுங்க” என்றாள். நான் அவளைவிடச் சத்தமாக, “முழுசுங்க!” என்றேன். உடனே அவள் என் காதருகே குனிந்து, “பொங்கலுக்கு மாமா குடுத்த இருவது ரூவாய்க்கு நீ போடவே இல்லியே புள்ள” என்றாள். ரகசியமாம்! அறைக்கு வெளியே செருப்பு விட்டுக்கொண்டிருந்தவருக்கும் கேட்டிருக்கும். தலைவர் சிரித்தார். “பரவால்லீங்க சகோதரி, பகுதின்னே போட்டுக்கலாமா?” என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். என் மூக்கு அறுபட்டு அவர் மேசையில் விழுந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அக்கா வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வருத்தம் இருக்க வேண்டுமே, ஊஹும். அப்போதே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருடம் இவள் முழுசாக இருக்கக் கூடாது.

ஒரு வருடம் யோசித்தேன். நான் முழுசாவது சுலபம், கொடுத்தால் தீர்ந்தது. அவளைப் பகுதியாக்குவது எப்படி? அவள் காசு சேர்க்கிற டப்பாவிலிருந்து திருடினால் திருடி என்பார்கள், அவளுடைய கணக்கும் குறையாது. தீபாவளிக்கு மாமா வந்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தபோதுதான் வழி பிறந்தது. அவள் டப்பாவிலிருந்து எடுக்கக் கூடாது. போட வேண்டும்! அவளுக்கே தெரியாமல் அவள் காசு கூடிவிட்டால், கூடிய காசுக்கு அவள் பங்கு கொடுக்கமாட்டாள். தலைவர் கேட்கும்போது வழக்கம்போல முழுசுங்க என்பாள். அது பொய்யாகிவிடும். கடவுளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த பொய்.

சொந்தக் காசில் சூனியம் வைக்கிறவர்களைப் பற்றிச் சொல்வார்களே, அந்த வேலையை நான் உண்மையிலேயே செய்தேன். முதலில் என் ஐம்பதிலிருந்து ஐந்து ரூபாயை என் உறைக்கு எடுத்து வைத்தேன். நான் முழுசாக இருக்க வேண்டும் அல்லவா? மிச்சம் நாற்பத்தைந்து. அக்கா தன் காசை ஒரு பவுடர் டப்பாவில், மூடியில் கீறிய ஓட்டை வழியாகப் போட்டு வைப்பாள். வரவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாளே தவிர, டப்பாவைக் கொட்டி எண்ணமாட்டாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், நோட்டுகளைக் குச்சி மாதிரி மடித்து, கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். ஐந்து ரூபாய் நாணயம் கடைசியாக விழுந்தது. பள்ளிக்கூட வாசல் கடையில் நான் கண்வைத்திருந்த ஸ்கிப்பிங் கயிறு போயே போய்விட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் வயிறு குளிர்ந்தது.

அந்த மாதங்களில் வீட்டில் நிலைமை சரியில்லை. பட்டறையில் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள். அப்பாவின் உறை இரண்டு மாதமாக ஒட்டப்படாமல் அலமாரி மேலே கிடந்தது. அம்மா, “இந்தத் தடவ வாடகைக்கு எடுத்துக்கலாமுங்க, கடவுளுக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. டிசம்பர் வரட்டும் என்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பரின் முதல் ஞாயிறு. உபவாச நாளில் யார் வேண்டுமானாலும் எழுந்து போய், மைக் முன்னால் நின்று சாட்சி சொல்லலாம். இரண்டு பேர் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்தாள். ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்குவதற்காக நேற்றுத் தன் டப்பாவைத் திறந்தாளாம். கணக்கைவிட நாற்பத்தைந்து ரூபாய் அதிகம் இருந்ததாம். மூன்று தடவை எண்ணினாளாம். “தசமபாகம் குடுத்தா வானத்துச் சன்னலத் தொறப்பேன்னு கடவுள் சொன்னாருங்க. எனக்குத் தொறந்துட்டாருங்க” என்று குரல் தழுதழுக்கச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்த நாற்பத்தைந்துக்கும் பங்கு நாலரை ரூபாய் வருகிறது, ஐந்தாகவே உறையில் வைத்துவிட்டேன் என்று சொல்லி முடித்தாள். கூடமே ஆமென் என்றது.

அடிப்பாவி! என் காசு, என் ஸ்கிப்பிங் கயிறு, அவளுக்கு அற்புதமாகிவிட்டது. பகுதியாக்கப் போய், முழுசுக்கும் மேலே ஒரு படி ஏற்றி உட்கார வைத்திருந்தேன். “அது என்ற காசுங்க” என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. கத்தினால் ஏன் போட்டாய் என்பார்களே. திருடியிருந்தாலாவது அழுது ஒப்புக்கொள்ளலாம். கொடுத்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது, பசியால் பாதி, பொறாமையால் மீதி.

கூட்டம் முடிந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். இரண்டு மாதமாகக் கிடந்த அதே உறை. நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, நேராகப் போய்த் தலைவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அப்பாவையும் இவளே ஜெயித்துவிட்டாளே என்று எனக்கு அழுகை வந்தது.

ஈரோடு பஸ் நிலையத்தில் ஒரு விநோதம் நடந்தது. அப்பா எங்களை நிறுத்திவிட்டு பேக்கரிக்குப் போய் ஒரு தேங்காய் பன் வாங்கி வந்தார். ஒன்றே ஒன்று. அதை என் கையில் கொடுத்தார்.

“ஏனுங்க, ஞாயித்துக்கிழமைங்க இன்னிக்கு! உபவாசம் வேற!” என்று அம்மா பதறினாள்.

“தெரியும். நீ தின்னு சாமி” என்றார் அப்பா. என் தலையில் கை வைத்தார், பஸ் வருகிற வரைக்கும் எடுக்கவில்லை.

அக்கா என்னை முறைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அந்த ஒரு நாள்தான். ஒரு துண்டுகூடக் கொடுக்காமல் முழுவதையும் தின்றேன். பசி தாங்காத பிள்ளை என்று அப்பா இரக்கப்பட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

இப்போது தசமபாகத்தைச் செல்போனிலேயே அனுப்பலாம். அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் கேட்டார்.

“உனக்கு நெனப்பிருக்குதா சாமி, ஒரு பன்னு வாங்கிக் குடுத்தேனே?”

இருக்கிறது என்றேன்.

“அதுக்குக் கொஞ்ச நாளு முந்தி, வேலை இல்லைன்னு மத்தியானமே ஊட்டுக்கு வந்தேன். நீ அக்கா டப்பாவுல காசைத் தள்ளிக்கிட்டு இருந்தே. சன்னல்ல நின்னு பாத்தேன். அக்கா ஜியாமெட்ரி பெட்டி வாங்கணும்னு என்கிட்டக் கேட்டுச்சு, என்னால முடியல. நீ உன்ற தீவாளிக் காசைப் போடறே. அன்னிக்கு அவ சாட்சி சொல்லறப்பவும் வாயே தொறக்காம உக்காந்திருந்தே. இத்தினியூண்டு புள்ள யாருக்குந் தெரியாமக் குடுக்குது, நான் ஒரு உறையை வெச்சுக்கிட்டு முழிக்கறேனேன்னு நெம்ப வெக்கமாப் போச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசமும் நிறுத்துனதில்ல.”

சொல்லிவிட்டுச் செல்போனை என் பக்கம் நீட்டி, அடுத்தது எதை அழுத்துவது என்றார். காட்டினேன். நான் அப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை, இனிமேலும் சொல்லப்போவதில்லை. அக்கா மேல் எத்தனையோ பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் சன்னல் வழியாக அப்பா பார்த்தாரே ஒரு பிள்ளை, அவள் மேல் வந்த பொறாமை அதற்கெல்லாம் மேலே.