வெள்ளம்னு சொல்லப்பிடாது

குடிக்கிற தண்ணியை எங்க பக்கத்துல வெள்ளம்னுதான் சொல்லுவோம். குளம் உடைஞ்சு ஊருக்குள்ள வந்தா அதுக்கும் வெள்ளம்தான். அதுல ஒரு குழப்பமும் வந்ததில்லை, எனக்குப் பதிமூணு வயசுல எங்க குளத்துக்கரை உடையுற வரைக்கும்.

மகாராஜா ஆண்ட காலம் அது. ஐப்பசி மழை. நட்ட நடு மத்தியானம் வெள்ளம் வந்தது. அம்மா நெல்லுப் பானையைத் தூக்கிப் பரண்ல வச்சுட்டுத் திரும்பினா, எட்டு வயசுத் தங்கச்சியைக் காணல்ல. "அம்மா, அம்மா"ன்னு விளிச்சுக்கிட்டே அவ வெள்ளத்தோட வாசலுக்கு வெளியே போயிட்டிருந்தா. அப்பா நீந்திப் போய், தாழம்புதர்ல சிக்கிக் கிடந்தவளைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. உசிர் இருந்தது. பேச்சு போயிட்டு.

அதுக்குப் பொறவு வீட்டுல ஒருத்தருக்கும் புத்தி நேரா இல்லை. அப்பா எதைக் கண்டாலும் கயிறு போட்டுக் கட்டுவாரு. பசு, கட்டில், உரல். உரல் எங்க போவப்போவுதுன்னு கேட்டேன். "ஒனக்குத் தெரியுமோ?"ன்னு என்கிட்டயே மல்லுக்கு வந்தாரு. நான் பள்ளிக்கூடத்துல கதை அளந்தேன். ஐப்பசியில இடுப்பளவு வந்த வெள்ளம் தை பிறக்கும்போது பனை உயரம் ஆயிட்டு.

அம்மாதான் பாவம். "நெல்லை எடுத்தேனே, பிள்ளையை எடுக்கலியே"ன்னு தலையில அடிச்சுக்குவா. ஆமா, எடுக்கலதானேன்னு நானும் மனசுக்குள்ள சொல்லுவேன். அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வெக்கமா இருக்கு. வெள்ளம்ங்கிற சொல்லையே வீட்டுல சொல்லப்பிடாதுன்னுட்டா அம்மா. தாகம் எடுத்தா 'தண்ணி'ன்னுதான் கேக்கணும். வைத்தியர் தங்கச்சி நாக்குல வசம்பு உரசித் தடவினாரு. அவரு வேட்டியிலயே துப்பினா. பேச்சு மட்டும் வரல்ல.

ஆடியில மார்த்தாண்டத்துலேருந்து மாமா வந்தாரு, அம்மாவுக்கு நேர் இளையவரு. எங்க வீட்டுல அந்தச் சொல்லுக்குத் தடைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அவிச்ச மரச்சீனிக் கிழங்கும் நாக்கைப் பொசுக்குற காந்தாரி மிளகு துவையலும் வச்சுட்டு அம்மா அடுக்களைக்குப் போனா. தங்கச்சி எதிர்ல இருந்து பாத்தா. பிள்ளை பாக்குதேன்னு வீரம் வந்து, மாமா துவையலை உருண்டையாவே வாயில போட்டாரு.

"யக்கா! வெள்ளம்! வெள்ளம்!"

அப்பா கயிறோட தொழுவத்துக்குப் பாஞ்சாரு. முற்றத்துல நின்ன நான் பலாமரத்துல ஏறிட்டேன், பாவாடை கிழிஞ்சது கூடத் தெரியாம. சன்னல் வழியாப் பாக்கேன், அம்மா ஓடி வாறா. நெல்லுப் பானை காலை இடறுது, திரும்பியே பாக்கல்ல. மாமாவுக்குக் குடுக்கத் தண்ணிச் செம்போட எழும்பின தங்கச்சியை இடுப்போட அள்ளி, செம்போடயே பரண்ல ஏத்தித் தானும் ஏறிட்டா.

"விடும்மா! மாமா குடிக்கத்தான் கேக்காரு!"

யாரு குரல்னு எனக்கு ஒரு நிமிஷம் தெரியல்ல. பொறவு பாத்தா, பரண்லேருந்து தங்கச்சி என்னையே கை நீட்டுதா. "ஏட்டி, எறங்குட்டி!" மூத்தவளை ஏட்டின்னா விளிப்பா? வந்த பேச்சு இப்படியா வரணும்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துட்டு.

அம்மா அவளை மடியை விட்டு விடல்ல.

"மாமா என்ன கேக்காரு மக்கா?"

"வெள்ளம்."

"கேக்கல்ல, இன்னொருக்கா சொல்லு."

"வெள்ளம்!"

"இன்னொருக்கா."

கீழே மாமா நாக்கை நீட்டிக்கிட்டு, பரணைப் பாத்து ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நின்னாரு. செம்பு மேலேதான் இருந்தது.