பாதிக் காது

பதவிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கேடயச் சின்னம் தீட்டித் தீட்டியே ஒட்டாவாவில் ஓடீல் கான்யேவுக்கு இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. சிங்கமும் கழுகும் அவளுக்குச் சலித்துப்போயிருந்தன. அதனால்தான் புதிய மாகாண ஆளுநர் எட்னா கியர்லி தன் சின்னத்தில் ஒரு நாய் வேண்டுமென்று எழுதியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எட்னா முன்பு கடலோர ஊர்களில் நர்ஸ். சின்னத்தில் அவள் கேட்ட நீலம் அந்தக் கடலுக்கு, விளக்கு பிரசவம் பார்த்த வீடுகளுக்கு, நாய் பனியில் அவள் வண்டியை இழுத்ததற்கு. கடிதத்தின் அடியில் ஒரு வரி: நாய்க்கு இடது காது பாதிதான்.

சின்னத்தில் என்னென்ன இருக்கும் என்று சொல்லும் பட்டயத்தை எழுதும் அதிகாரி பெர்சிவல் அந்த வரியை அடித்துவிட்டார்.

"பேரன் பேத்தி வரைக்கும் போற சின்னம் இது. காதறுந்த நாயையா குடுக்கறது?"

"சரி, எழுதாதீங்க," என்றாள் ஓடீல்.

பட்டயத்தில் 'அமர்ந்த நாய்' என்று மட்டும் ஏறியது. அதில் எழுதாதது தீட்டுகிறவர் இஷ்டம்; அந்தத் தொழிலின் சட்டமே அதுதான். ஓடீல் பாதிக் காதைத் தீட்டினாள். பெர்சிவல் பட்டயத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

விழாவில் திரை விலகியது. எட்னா நேராகப் போய் அந்தக் காதை விரலால் தொட்டாள்.

"எப்படிப் போச்சுங்க அது?" என்று ஓடீல் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு பிரசவம் ரெண்டு நாள் இழுத்துடுச்சும்மா. நான் உள்ள இருந்தேன், அது வாசல்ல. குளிர்ல காது போச்சு. அவுத்துத்தான் விட்டிருந்தேன். அது போகல."