எண்ணெய் குடித்த பிரேக்

நேற்று குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிப் பக்கம் ஒருவரைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் வந்தால் எல்லாருக்கும் அருவி ஞாபகம் வரும். எனக்கு மட்டும் மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கல்யாணமான புதிது. தென்காசியில் ஒரு சந்துக்குள் அம்மா, அப்பா, தம்பிமார் எல்லாரோடும் குடியிருந்தோம். என் மனைவி செல்விக்கு இலத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். என் பழைய மோட்டார் சைக்கிளில் தினமும் நானே கொண்டுபோய் விடுவதென்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். அத்தனை பேர் இருக்கும் வீட்டில் புதுமாப்பிள்ளைக்குப் பெண்டாட்டியோடு பேச வேறு இடம் ஏது?

ஆனால் முந்தின வாரம் குற்றாலத்து இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போய், ஒரு பஸ்ஸின் முதுகை ஒட்டித்தான் நின்றது. செல்வி அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "பிரேக்கு புடிச்சாத்தான் இனி ஏறுவேன். இல்லன்னா பஸ்ஸுல போயிக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடை கிடையாது. என்ன பெரிய வேலை, நாமே பார்ப்போம் என்று துணிந்தேன். காலையில் குற்றாலம் போய் எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று குளித்துவிட்டு, ராஜா மாதிரி வாசலில் வந்து உட்கார்ந்தேன். பெரிய ஸ்டாண்டு போட்டு, பிரேக் கம்பியைக் கழற்றி, ஆக்சிலை உருவினால் சக்கரம் கையோடு வந்துவிடும். உள்ளே சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ இரண்டும் தேய்ந்து, தடவினால் கண்ணாடி மாதிரி இருந்தன. வாங்கி வைத்திருந்த புது ஷூக்களை ஆசை தீரத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டினேன்.

ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்து வீட்டுக் காதர் அண்ணன் தானாக வந்து பின்னால் ஏறிக்கொண்டார். சவுதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்திருந்தவர். அவர் பேச்சைக் கேட்கவே நான் வாசலில் நிற்பதுண்டு. "ஓட்டும் வே, லீவு இன்னும் கெடக்கு. கட்டுப் போட்டுப் படுத்தாலும் கம்பெனிக்குத் தெரியாது" என்றார்.

தெருமுனையில் பிரேக்கை மிதித்தேன். வண்டி அதைச் சட்டையே பண்ணவில்லை. வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏறித்தான் நின்றோம். காதர் அண்ணன் வேட்டியைத் தட்டிக்கொண்டே, "மணலு நல்லாப் புடிக்கி வே, இதையே மாட்டிரும்" என்றார்.

சக்கரத்தை மறுபடியும் கழற்றினேன். செல்வி வந்து ஷூவை எடுத்து மோந்து பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து மோந்தாள். நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"வண்டிக்கும் எண்ணெ தேச்சு விட்டாச்சோ?"

"அருவியில நின்னதுல எண்ணெயெல்லாம் போயிருக்கும்லா?"

"சீயக்கா போடாம எப்படிங்க போவும்? தள்ளி அங்கன உக்காருங்க. நான் மாட்டுதேன். நான் மாட்டுனாத்தான் நான் ஏறுவேன்."

சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். உப்புத்தாளால் ஷூவைத் தேய்த்தாள். சக்கரத்துக்குள் ஷூ உரசுகிற டிரம்மைப் பெட்ரோல் துணியால் துடைத்தாள். நான் தள்ளி உட்கார்ந்து வாயால் வேலை பார்த்தேன். ஸ்பிரிங் அவள் கையை விட்டு இரண்டு தடவை துள்ளியது. மூன்றாம் தடவை பல்லைக் கடித்து மாட்டிவிட்டாள். அம்மா எட்டிப் பார்த்து, "மருமவ வேல பாக்கா, மவன் வேடிக்க பாக்கான். நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்தத் தடவை வண்டி மணலுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றது. திங்கட்கிழமை செல்வி ஏறினாள்.

அப்புறம் எத்தனையோ வருஷம் இலத்தூர் ரோட்டில் போனோம். சாரல் காலத்தில் எதிர்க்காற்று அப்படி அடிக்கும். பின்னால் அவள் பேசுவதில் பாதி காற்றோடு போய்விடும். "என்னட்டி?" என்பேன். "ஒண்ணுமில்ல, ரோட்டப் பாருங்க" என்பாள்.

இப்போது அவளுக்கு ஸ்கூட்டர் இருக்கிறது. பிரேக்கெல்லாம் அருமையாகப் பிடிக்கும். எங்கே போனாலும் எனக்கு முன்னாலேயே போய் இறங்கிவிடுவாள். வீட்டிலும் நாங்கள் இரண்டு பேர்தான். எதிரெதிரே உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசுகிறோம், ஒரு வார்த்தை தவறுவதில்லை. அந்த ரோட்டில் காதில் விழாமல் போன பாதியில் என்னதான் சொன்னாய் என்று நேற்று கேட்டேன். அவளுக்கும் ஞாபகம் இல்லையாம்.