பகலில் தெரியாத தீ

தேயிலைக் கொழுந்தோடு முத்தல் இலையையும் சேர்த்துக் கிள்ளுகிறாள் என்று கங்காணி என் அக்காவை மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு தெரியலேன்னா வீட்ல இரு. இன்னொருக்கா இப்புடி வந்துச்சு, பேர வெட்டிருவேன்."

பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? அவள் பேரில் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியாராக வந்த நானும் அந்த ஒற்றை அறையில்தான் ஒண்டியிருந்தேன்.

அவள் கண்ணைக் கெடுத்தது அடுப்புப் புகை. எங்கள் நமுனுகுல மலையில் மழை பிடித்துவிட்டால் விறகெல்லாம் ஈரம். ஜன்னலே இல்லாத அறையில் ஊதி ஊதி அவள் கண் சிவந்து, நீர் வடிந்துகொண்டே இருக்கும். இலை தழை காற்றுப் படாமல் அழுகினால் எரியும் வாயு வரும் என்று பதுளையில் படித்திருந்தேன். பாடத்தில் ஒரே ஒரு வரிதான். அந்த வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

லயத்துக்குப் பின்னால் ஒரு தார்ப் பீப்பாயில், தேயிலைக்கு நிழலாக நிற்கும் முருக்கு மரத்திலிருந்து வெட்டிப்போட்ட இலையை நறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டேன். அதற்குள் சற்றுச் சிறிய பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து, அதன் உச்சியில் பழைய சைக்கிள் டியூபைச் சொருகி, டியூபின் வாயில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை வைத்து, வாயு போகாமல் மடித்துக் கட்டினேன். சில நாளில் கவிழ்த்த பீப்பாய் தானாக மேலே எழும்பியது! ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்து, தீக்குச்சி கிழித்தேன். டியூபிலிருந்து வந்த காற்று குச்சியை அணைத்துவிட்டது.

"வாத்தியாரே, தேயிலை ஸ்டோர்ல தீப்பிடிச்சா ஒங்களத்தாங்க கூப்புடணும்" என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். லயமே சிரித்தது.

இலை மட்டும் போட்டதால் புளித்துவிட்டது என்று தோன்றியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மாட்டுப்பட்டிச் சாணத்தைக் கரைத்து இலையோடு கலந்தேன். பீப்பாயைச் சுற்றிக் குப்பையைக் குவித்துச் சூடு போகாமல் மூடினேன். இந்த முறை பொறுமையாக இருந்தேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். குச்சியை நீட்டினேன். மெல்ல 'புஸ்' என்ற சத்தம்.

"பத்திருச்சுக்கா!"

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"எங்கடா தம்பி? எனக்கு ஒண்ணுமே தெரியலையே. கண்ணு போயிருச்சாடா?"

நான் உற்றுப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சருகை டியூப் வாயருகே கொண்டுபோனேன். வெறும் வெளியில் அது பொசுக்கென்று பற்றியது. தீ இருக்கிறது, வெயில்தான் அதை மறைக்கிறது!

டியூபை மடக்கித் தீயை அணைத்து, அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, திரும்பக் கொளுத்தினேன். இருட்டில் நீலமாக ஒரு பூ விரிந்தது. புகையில்லை, கரியில்லை. சில வாரத்துக்கு முன் குப்பையாய்க் கிடந்த இலை அப்படி நின்று எரிந்தது.

அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். "நுனியில லேசா மஞ்சள் ஆடுது பாரு. அடியில, அந்த வாய்க்கிட்ட, இன்னொரு சின்ன நீலம் இருக்குடா. கூம்பு மாதிரி."

குனிந்து தேடினேன். அவள் சொன்ன பிறகுதான் அந்தச் சின்னக் கூம்பு எனக்குத் தெரிந்தது.

அவள் தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கி மேலே பிடித்தாள். தண்ணீர் சுடுவதற்குள் வாயு தீர்ந்து, தீ சுருங்கி அணைந்துவிட்டது.

"இவ்வளவுதானா?"

"இன்னும் நெறைய இல வேணும்க்கா."

"அப்ப எந்திரி" என்றாள், கூடையை எடுத்துக்கொண்டு. "முருக்குல முத்தலும் கிள்ளலாம்ல?"