கம்பெனி பஸ் வருவதற்குள் அவள் பேசியவை

என் மனைவியின் கைப்பேசி இப்போதும் மகளின் தலையணை ஓரத்தில்தான் இருக்கிறது. வலது மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். பின்பக்கத்தில் பெருவிரல் அளவுக்கு ஒரு பசைக் கறை. செருப்புக் கம்பெனியில் அவள் விரலில் ஒட்டி வந்து அங்கே படிந்தது. அதை நான் எத்தனையோ முறை சுரண்டிப் பார்த்திருக்கிறேன். போகவில்லை. போகாமல் இருந்ததற்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

அவள் வேலை பார்த்த கம்பெனிக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாலையில் வரிசையில் நின்று வாங்குவதற்குள் பஸ் கிளம்பிவிடும் என்று அவள் அதை வீட்டிலேயே விட்டுப் போவாள். மாதனூரில் எங்கள் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வருவது ஆறே முக்காலுக்கு. ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலைக்கு நான் ஐந்தரைக்கே வண்டியை எடுத்துவிடுவேன். மகள் எழுந்திருப்பது ஏழு மணிக்கு. அவள் எழும்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருக்க மாட்டோம். அதனால் என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துவிட்டு, மகளின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள்.

அவளுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. முதல் தடவை கேட்டது அவள் காரியம் முடிந்த மறுநாள். மூன்று நாள் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருந்தோம். நான்காம் நாள் வேலூருக்குக் கொண்டுபோனோம், திரும்பும்போது அவள் இல்லை. வீடு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது உள்ளறையில் அவள் குரல் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மகள் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"பாப்பா, எழுந்துட்டியா? லெமன் சாதம் டப்பால கீது. ரிப்பன கட்டிலுக்கு அடில வுட்டுட்டுத் தேடாத. உங்கப்பா வெள்ளச் சட்டைய ஊற வெச்சிக்கிறேன், தொடாத. அதுல ஒரு பொட்டு கறை இருந்தாகூட மனுசன் தோலப் புரட்டற மாதிரி புரட்டிப் பாப்பாரு. அப்புறம் பாப்பா, சாயங்காலம் வந்து உனுக்கு..."

அந்த இடத்தில் தெருவில் ஹாரன் இரண்டு முறை அடிக்கும். பஸ் ஜன்னலிலிருந்து ஒருத்தி, "இன்னாக்கா, பவுடர் போட்டு முடியலியா? கம்பெனில லைன் ஓட ஆரம்பிச்சிடப் போவுது!" என்று கத்துவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். "தோ வந்துட்டேண்ணா!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்து, பதிவை நிறுத்தாமலே கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு இவள் ஓடுவாள். செருப்புச் சத்தம், கேட் சாத்தும் சத்தம், கொஞ்ச நேரத்தில் பதிவு தானே நின்றுவிடும். எல்லாப் பதிவுகளிலும் பேச்சு இப்படித்தான் பாதி வாக்கியத்தில் நிற்கும். மொத்தம் பத்தொன்பது. நாள் தவறாமல் பேசியிருக்கிறாள். விளையாட்டு இறக்க இடமில்லை என்று மகள் அவ்வப்போது அழித்துவந்ததில் மிஞ்சியவை இவை. அதை மகள் சொல்லி அழுத அழுகையை நான் எழுத மாட்டேன்.

அன்றிலிருந்து அந்தப் பத்தொன்பதும் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. சார்ஜ் குறைந்தால் பயம், சூடானால் பயம். மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லி அந்தக் கைப்பேசி தினமும் கேட்டுக்கொண்டிருந்தது. புதுப்பிக்காவிட்டால் உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அழுத்தினேன்.

மறுநாள் காலை மகள் அடுக்களைக்கு வந்து நின்றாள். "அப்பா, அம்மா பேச மாட்டேங்குதுப்பா."

பட்டியலில் பத்தொன்பதும் இருந்தன. தொட்டால் நொடிகள் ஓடின, சத்தம் வரவில்லை. சிலவற்றில் இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்று வந்தது. ஒன்று மட்டும் ஓடியது. அதிலும் அவள் குரல் கீச்சுக்கீச்சென்று பொம்மை பேசுவதுபோல் விரைந்து ஓடியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆம்பூர் பஜாரில் கைப்பேசி பழுது பார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர். "இன்னா சார், நல்லா ஓடினு இருந்ததைப் புதுசு பண்றேன்னு கெடுத்துனு வந்துக்கிறீங்க. ஒரு ஆளாவது சும்மா இருக்கீங்களா?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "பேஜார் ஆவாதீங்க. புது பிளேயருக்கு இந்தப் பழைய பதிவு புரியல. வேற மாதிரி மாத்திட்டா ஓடும்."

இரண்டு நாள் கழித்துப் போனபோது கணினியில் போட்டுக் காட்டினார். அவள் குரல் வந்தது. நான் காதைக் கணினிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "பின்னால இரைச்சல் ஜாஸ்தி சார். குக்கர், வண்டி எல்லாம். வேணும்னா எடுத்துட்டுக் குரல மட்டும் சுத்தமாத் தர்றேன்" என்றார்.

இருபத்திரண்டு வருடமாக என் வேலை அதுதான். தோலை வெளிச்சத்தில் விரித்து, முள்வேலி கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி எல்லாவற்றையும் வட்டமிட்டுத் தள்ளுவது. சுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டது. "எடுத்துடுங்க பாய். ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"பழசு வேணுமா சார்? ஃபோன மொத்தமா அழிச்சிட்டு ஏத்தினாத்தான் மறுபடி மக்கர் பண்ணாது."

"வேணாம். சுத்தமானது போதும்."

வீட்டில் மகள் முதல் பதிவைப் போட்டாள். குரல் அவ்வளவு தெளிவு. பக்கத்தில் நின்று பேசுவதுபோல இருந்தது. "சாயங்காலம் வந்து உனுக்கு..." என்று என் மனைவி நிறுத்தினாள். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் வெறும் மௌனம். பிறகு யாருமில்லாத ஒரு வெளியில் "தோ வந்துட்டேண்ணா" என்றாள். ஹாரன் இல்லை, சிரித்த பெண்கள் இல்லை, செருப்புச் சத்தம் இல்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் காரணமில்லாமல் பேச்சை நிறுத்திவிட்டுப் போனாள்.

மகள் என்னைத் திட்டவில்லை. "பஸ் எங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

பாயிடம் மறுபடி ஓடினேன். அழித்ததை மீட்கும் வழிகளையெல்லாம் இரண்டு வாரம் முயன்று பார்த்தார். கடைசியில் அவர் கண்ணும் கலங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்க சார்" என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? வட்டமிட்டது நான்.

இப்போது ஷிப்டை மாற்றிக்கொண்டு காலையில் வீட்டில் இருக்கிறேன். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஏழு மணிக்கு எழுந்தவள், இப்போது ஆறரைக்கே எழுந்துவிடுகிறாள். படிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து, விரலைத் திரைமேல் தூக்கிப் பிடித்தபடி தெருவையே கவனித்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கும் சத்தம் கேட்டதும் அழுத்தினாள்.

"பாப்பா, எழுந்துட்டியா?" என்று தொடங்கி, லெமன் சாதம், ரிப்பன், என் வெள்ளைச் சட்டை எல்லாம் வந்தன. "அப்புறம் பாப்பா, சாயங்காலம் வந்து உனுக்கு..."

தெருமுனையில் ஹாரன் இரண்டு முறை அடித்தது.

"தோ வந்துட்டேண்ணா!"

எத்தனை காலைகள் இப்படிப் பழகியிருப்பாளோ தெரியவில்லை. வெளியே பெண்கள் ஏறும் பேச்சு கேட்டது, யாரோ சிரித்தார்கள். பஸ் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிளம்பிப் போய்விட்டது. மகள் கைப்பேசியைத் தலையணை ஓரத்தில் வைத்துவிட்டு, ரிப்பனைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.