கழற்றி வைத்த வாட்ச்

ஆரணியில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது, பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் ஒருவர் புராசஸர் வாங்க வந்தார். காதில் பென்சில் செருகியிருந்தார். எதைச் செய்தாலும் எத்தனை நிமிடம் என்று பார்ப்பார். வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தன் முந்தானை டிசைனை வெவ்வேறு புராசஸர் போட்ட இரண்டு மெஷினில் ஓட்டிப் பார்த்தார். ஒன்றுக்கு ஏழு நிமிடம், மற்றதற்கு நான்கு.

"ஏழு நிமிஷம் ஆனது கேமுக்கானதுங்க. இன்னொண்ணுல கேம் திக்கித் திக்கித்தான் ஓடும்" என்றேன்.

"அதையும் பாத்துடலாம்" என்று கேமுக்கான மெஷினில் கார் ரேஸ் ஆட உட்கார்ந்தார். வளைவு வந்தால் அவரும் சாய்ந்தார். கரண்ட் போனபிறகுதான் எழுந்தார்.

"எதுங்க வேணும்?"

"திக்குறதையே குடுங்க. இது வூட்ல இருந்தா வேலை நடக்காது."

சிரிக்காமல்தான் சொன்னார். வாட்சை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். எத்தனை நிமிடம் விளையாடினார் என்பதை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.