இடது பக்கத்துப் பொத்தான்

கம்ப்யூட்டர் கஷ்டமானது என்று ஊர் நம்பியதுதான் எனக்குச் சோறு போட்டது. சிவகாசியில் நான் வேலை பார்த்த காலண்டர் பிரஸ்ஸில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அதன் சாவி என் இடுப்பில் தொங்கியது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வரவேண்டும். முதலாளியும் அப்படித்தான் வருவார். மே மாத வெயிலில் மிஷின் ஓட்டுகிறவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். "அண்ணாச்சி ஊட்டியில இருக்காக, நாம அடிவாரத்துல வேகுதோம்" என்று அவர்களில் ஒருவர் சொன்னதை வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லி அனுபவித்தேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. முன்னால் அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்தவன். அந்த வேலையில் எந்த ஈய எழுத்து தட்டின் எந்தக் குழியில் கிடக்கிறது என்று கைதான் தேடும், கண் தேடாது. கம்ப்யூட்டரையும் அப்படியே கையால் மனப்பாடம் செய்தேன். மேலே ஓரத்தில் இருக்கிற முதல் சொல்லை அமுக்கினால் ஒரு பட்டியல் இறங்கும். அதன் நடுவில் இருப்பது சேமிப்பதற்கு, அடியில் இருப்பது மூடுவதற்கு. கம்ப்யூட்டர் பெட்டி ஏதாவது கேள்வி கேட்டால் இடது பக்கத்துப் பொத்தான். கேள்வி இங்கிலீஷில் இருக்கும். எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் வரவில்லை. இடது பக்கத்தை அமுக்கி ஒருநாளும் கெட்டுப்போனதில்லை. இவ்வளவையும் கைக்குக் கொண்டுவர ஒரு சீசன் முழுதும் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஊரில் எனக்குக் 'கம்ப்யூட்டர் அண்ணாச்சி' என்று பேர்.

ஒரு வருசம், அறையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரில், ஆர்டர் எழுதுகிற கம்ப்யூட்டர் வைரஸ் வந்து படுத்துவிட்டது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த முதலாளியின் மருமகன், காசில்லாமல் கிடைக்கிற வேறொரு சிஸ்டத்தை அதில் போட்டுக்கொடுத்தார். திரையைப் பார்த்தேன். 'கோப்பு', 'திருத்து', 'பார்வை' என்று மேலே வரிசையாகத் தமிழ்.

"புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப லேசு மாமா. தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச யாரை வேணும்னாலும் உக்கார வைக்கலாம்" என்றார் மருமகன்.

யாரை வேண்டுமானாலும். நான் ஒரு சீசன் முழுக்கத் திணறிப் பிடித்த நாற்காலியில்.

முதலாளி, காலண்டர் தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆமத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, பத்தாவது வரை படித்தவள். அம்மா பட்டாசு ஆபீசுக்கு வெடி சுற்றப் போகிற வேனிலேயே இவளும் வந்து வழியில் இறங்கிக்கொள்வாள். இதற்கு முன்னால் கம்ப்யூட்டரை என் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

இவள் திணறுவாள் என்று காத்திருந்தேன். முதல் நாள் மவுஸைப் பிடிக்கத் தெரியாமல், சூடு பட்டவள் மாதிரி கையை இழுத்தாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அவள் செய்த ஒரு காரியம் எனக்குத் தோன்றியதே இல்லை. திரையில் என்ன வந்தாலும் வாய்விட்டு வாசித்தாள். "'அச்சிடவா' ன்னு கேக்குது அண்ணாச்சி. ஆமான்னு சொல்லிருதேன்" என்பாள். அடுத்த வீட்டுக்காரியோடு பேசுகிற மாதிரி பெட்டியோடு பேசினாள். ஒரு வாரம் போவதற்குள் ஆர்டர் எழுதி, பண்டலில் ஒட்டுகிற முகவரிச் சீட்டும் எடுத்துவிட்டாள்.

வெளியே பேச்சு மாறியது. பேக்கிங்கில் இருந்த அம்மா ஒருத்தி, "பெட்டிக்குள்ள இருக்கது தமிழ்ப் பயதான் போல. இத்தன நாளும் நம்ம அண்ணாச்சிதேன் வெள்ளைக்காரன்னு சொல்லிப் பயங்காட்டிட்டாக" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயால்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரி சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்குச் சோத்த இப்படி நசுக்குதீக? அந்தப் பிள்ளை நல்லா வேலை பாக்குதுன்னா வயிறு எரியுதுன்னு சொல்லுங்க, மோராவது ஊத்துதேன்" என்றாள். மோர் ஊற்றியும் அடங்கவில்லை. அந்தப் பிள்ளை தப்பு செய்ய வேண்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தால் போதும். நான் பட்டதில் பாதியாவது.

ஆடி பதினெட்டு வந்தது. அடுத்த வருசத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி கும்பிட்டு வெளியே எடுக்கிற நாள். வெளியூர் ஏஜெண்டுகள் வந்து குவிவார்கள். ஆல்பத்தைப் புரட்டி, முருகன் இத்தனை, லட்சுமி இத்தனை என்று வாயாலேயே ஆர்டர் சொல்வார்கள். மத்தியானம் அவர்களுக்கு முதலாளி வீட்டு விருந்து, இலை போட்டு. காலை முழுதும் அந்தப் பிள்ளை தட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டம் சாப்பிடப் போனதும் அவளும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அப்போது பழைய ஏஜெண்ட் ஒருவர் அவசரமாக வந்தார். "என் ஆர்டரு மட்டும் ஒரு பிரிண்டு குடுங்க அண்ணாச்சி, பஸ்ஸுக்குப் போகணும்." அந்தப் பிள்ளை வரட்டும் என்று சொல்ல வாய் எழவில்லை. அதிலும் அவர், "நீங்க இருக்கையில வேற ஆள் எதுக்கு?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டார். அதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு? போய் உட்கார்ந்தேன். பட்டியல் இறங்குகிற இடம் பழைய இடம்தான், பிரிண்ட் நன்றாகவே வந்தது. அவரும் பாராட்டிவிட்டுப் போனார். எழுந்திருக்கும் முன் ஒழுங்காக மூடிவிட்டுப் போவோம் என்று மூடப் போனேன். பெட்டி ஒரு கேள்வி கேட்டது. கை தானாக இடது பக்கம் போய் அமுக்கியது.

அந்தப் பிள்ளை திரும்பி வந்து திறந்து பார்த்தாள். "காலையில அடிச்சது ஒண்ணையுங் காணுமே."

மூடும்போது ஏதோ கேட்டது, நான் எப்போதும் போல இடது பக்கத்தை அமுக்கினேன் என்று சொன்னேன். அவள் சும்மா ஒரு கோப்பைத் திறந்து, ஒரு எழுத்துத் தட்டி, மூடப் போய், அந்தக் கேள்வியை வரவழைத்துக் காட்டினாள். இடது பக்கத்தில் 'சேமிக்காமல் மூடு' என்று பளிச்சென்று இருந்தது. 'சேமி' வலது கோடியில் இருந்தது.

"தமிழ்லதான அண்ணாச்சி கேக்குது. வாசிக்கலையா?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்ல? இவளும்தான் இடையில் சேமித்து வைக்கவில்லையே என்று ஒரு பேச்சு நாக்கு வரைக்கும் வந்தது. அதைத்தான் பெட்டி என்னிடம் கேட்டது என்று நினைவு வந்ததும் உள்ளே போய்விட்டது.

ஏஜெண்டுகள் இன்னும் கை கழுவவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். பந்திக்கு ஓடினேன். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், இலை இலையாகக் குனிந்து ஆர்டரை மறுபடி கேட்டு எழுதினேன். "என்ன அண்ணாச்சி, காலையில சொன்னதக் கம்ப்யூட்டர் தின்னுருச்சா? அதுக்கும் ஒரு எலை போடுங்க" என்றார் ஒருவர். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பி வந்து நான் நின்றபடி வாசிக்க, அவள் உட்கார்ந்தபடி தட்டினாள். ஒவ்வொரு ஏஜெண்டும் முடிய முடிய, "சேமிச்சிட்டேன்" என்றாள்.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பிள்ளை காலையில வேன்ல வெள்ளனமே வந்து வாசல்ல நிக்குது. சாவி அதுகிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. ஒங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார். என் அலைச்சலைப் பற்றி அவர் கவலைப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் அதைத் தாவணி முனையில் முடிந்துகொண்டாள். மறுநாள் நான் போனபோது அறை திறந்திருந்தது. வாசலில் சின்னதாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் என் செருப்பைக் கழற்றி விட்டேன்.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றாள் அவள், ஏசி அறைக்குள்ளிருந்து.